குத்தகை வானம்

விருதுநகர் மாவட்டம் மம்சாபுரத்தில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு திரும்பும் மாலை நாலரை மணிக்கு, ஒரு பிரபஞ்சம் தினமும் அணைந்துபோகிறது. ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டின் சர்வரை உலக நேரப்படி காலை 11 மணிக்குப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். இந்திய நேரத்தில் அது 4.30. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள், அவற்றுக்கிடையே பறக்கும் கப்பல்கள், சூடுபிடித்த வியாபாரம் எல்லாம் சில நிமிடங்களுக்கு இல்லாமல் போகும். லண்டனில் உள்ள இயந்திரங்கள் மறுபடி உயிர்பெற்றதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 2003 மே 6 முதல் இப்படித்தான் ஓடுகிறது.

ஒருநாள் அணைந்தது அணைந்ததாகவே இருந்துவிட்டால்?

இணைய விண்வெளி விளையாட்டுகளின் எதிர்காலம் என்றாலே பேச்சு கிராஃபிக்ஸ், தலையில் மாட்டும் விஆர் கருவி, செயற்கை நுண்ணறிவு என்றுதான் போகிறது. இருபது, முப்பது ஆண்டு கழித்தும் இந்த விளையாட்டுகள் இருக்குமா என்பதை அவை எதுவும் தீர்மானிக்கப் போவதில்லை. சர்வரின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். இதுவரை செத்த விளையாட்டுகளின் வரலாறும் பிழைத்தவற்றின் வரலாறும் அதையே சொல்கின்றன.

வானத்தைப் பெரிதாக்குவது என்றைக்குமே கடினமாக இருந்ததில்லை. 1984இல் டேவிட் பிரேபன், இயான் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலைட்’ விளையாட்டை எழுதினார்கள். பிபிசி மைக்ரோ என்ற அந்தக் காலத்துப் பள்ளிக் கணினியின் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் திரள்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள் என்று 2,048 இடங்களை அடக்கிக் காட்டினார்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. ஓர் எண்ணை வித்தாக வைத்து, போகப் போகக் கணக்கிட்டு உலகங்களை உண்டாக்கினார்கள். அதே பிரேபன் 2014 டிசம்பரில் வெளியிட்ட ‘எலைட் டேஞ்சரஸ்’ பால்வெளியின் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களையும் அதே வழியில் கட்டியெழுப்பியது. 2016இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் கோள்களின் எண்ணிக்கை 18 என்ற எண்ணுக்குப் பின்னால் 18 பூஜ்யம். ஒரு மனித ஆயுளில் எண்ணிக்கூட முடிக்க முடியாது.

ஆனால் ஆளில்லாத 40,000 கோடி மண்டலங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆள் சேர்ந்த பிறகுதான் அந்த வானத்துக்கு ஒரு வரலாறு உண்டாகிறது. ‘எலைட் டேஞ்சர’ஸில் எரிபொருள் தீர்ந்து நடுவெளியில் நிற்பவரைத் தேடிப் போய் நிரப்பிவிட்டு வருவதையே வேலையாக வைத்திருக்கும் ‘ஃப்யூயல் ராட்ஸ்’ என்ற குழு 2015 முதல் இயங்குகிறது. விளையாட்டில் அதற்கென்று ஒரு பரிசும் இல்லை. 2019இல் ஆயிரக்கணக்கானோர் ஒரே கூட்டமாகப் புறப்பட்டு, பால்வெளியின் மறுகோடி வரை பல மாதம் பயணம் போனார்கள். பிரேபன் எழுதிய சூத்திரத்தில் இது எதுவும் கிடையாது.

இந்த விஷயத்தில் ‘ஈவ்’தான் மூத்தது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக்கில் உள்ள சிசிபி நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த நாட்டின் மக்கள்தொகை விருதுநகர் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு கட்டத்தில் விளையாட்டின் சந்தாதாரர்கள் நாட்டு மக்களைவிட அதிகமாகிவிட்டார்கள். சந்தையைக் கவனித்து அறிக்கை எழுத நிறுவனம் 2007இல் ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தது. 2008இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தங்களுக்குள்ளிருந்தே ஒரு பிரதிநிதிகள் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு பக்கம், சீனாவைத் தவிர உலகம் முழுக்க ஒரே வானம். ராஜபாளையத்தில் உட்கார்ந்து ஆடுபவரும் ரேக்யவிக்கில் ஆடுபவரும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளலாம். பிங் எகிறுகிறது, லாக் ஆகிறது என்று மற்ற விளையாட்டுகளில் நம்மூர்ப் பையன்கள் புலம்புவதற்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை. காரணம், ‘ஈவ்’ சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடுகிறது. துப்பாக்கி விளையாட்டில் உயிரை வாங்கும் கால் நொடித் தாமதம் இதில் பொருட்டே இல்லை. ஒரே மண்டலத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தால் சர்வர் மூச்சுத் திணறும். அப்போது விளையாட்டின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கிவிடும் ஏற்பாடும் உண்டு. ஒரு மணி நேரச் சண்டை பத்து மணி நேரம் நடக்கும்.

2014 ஜனவரி 27 அன்று அப்படி ஒன்று நடந்தது. ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற மண்டலத்தைக் கையில் வைத்திருந்த கூட்டணி, அந்த இடத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்தத் தவறிவிட்டது. தானாகப் பணம் போகும் என்று நம்பியிருந்தார்கள், போகவில்லை. உரிமை கைவிட்டுப் போனது தெரிந்ததும் எதிரிகள் பாய்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய 21 மணி நேரம், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், டைட்டன் என்ற பிரம்மாண்ட வகைக் கப்பல்கள் 75 நாசம். அழிந்த சொத்தை நிஜப் பணத்தில் கணக்கிட்டால் 3 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் 2 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தப் பணத்தை யாரும் வெளியே எடுத்திருக்க முடியாது. கப்பலை விற்றுக் காசாக்க நிறுவனம் அனுமதிப்பதில்லை. சண்டை நடந்த இடத்தில் உடைந்த கப்பல்களை நினைவுச் சின்னமாக அப்படியே மிதக்க விட்டிருக்கிறார்கள்.

வாடகை பாக்கியால் ஒரு மகாயுத்தம்! சிரிப்பு வந்தாலும், இந்த விளையாட்டுகளின் முழு நிலையும் அதற்குள் இருக்கிறது. அங்கே எல்லாமே குத்தகைதான். மம்சாபுரத்தைச் சுற்றி மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் குத்தகைக்கு எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, காவல் காப்பது குத்தகைக்காரர். பத்திரம் வேறு ஒருவர் பெயரில். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாதபடி 1955லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. பத்தாண்டு விளையாடி, சந்தா கட்டி, ஒரு சாம்ராஜ்யத்தையே எழுப்பியவரை மின்னஞ்சல் ஒன்றில் வெளியேற்ற எந்தத் தடையும் இல்லை.

வெளியேற்றியும் இருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2002 செப்டம்பரில் ‘எர்த் அண்ட் பியாண்ட்’ என்ற விண்வெளி விளையாட்டைத் தொடங்கி, இரண்டே ஆண்டில் இழுத்து மூடியது. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ்’ 2003இல் வந்தது. அதில் ஆட்டக்காரர்கள் வீடு கட்டினார்கள், நகரம் அமைத்தார்கள், மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011 டிசம்பர் 15 அன்று நகரங்கள், மேயர்கள், கடைவீதிகள் ஒட்டுமொத்தமாக மறைந்தன. ஆள் இல்லாமல் மட்டும் அது சாகவில்லை. பெயரைப் பயன்படுத்தும் உரிமை முடிவுக்கு வந்தது. அதே பெயரில் வேறொரு புதிய விளையாட்டு அடுத்த வாரமே காத்திருந்தது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. சர்வர் எப்படிப் பேசியது என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து துப்புத் துலக்கி, சொந்தமாக நிரல் எழுதி, இரண்டு விளையாட்டுகளையும் ஓரளவு எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள். பல ஆண்டு உழைப்பு, சம்பளம் இல்லை, சட்டத்தின் பார்வையிலும் அந்தரத்தில் தொங்கும் நிலை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்று உண்டு. 2003இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஃப்ரீலான்சர்’. அந்தக் குறுந்தகட்டோடு சர்வர் மென்பொருளும் சேர்ந்தே வந்தது. யார் வேண்டுமானாலும் தன் கணினியில் ஒரு சர்வரை ஏற்றி நண்பர்களை அழைக்கலாம். மைக்ரோசாஃப்ட் அதை மறந்து வெகுகாலம் ஆகிறது. விளையாட்டு மறக்கப்படவில்லை, ரசிகர்கள் புதிய மண்டலங்களைச் சேர்த்துக்கொண்டு இருபது ஆண்டுக்குப் பிறகும் ஓட்டுகிறார்கள். நிறுவனத்தின் தயவு தேவைப்படாததால் அது பிழைத்தது. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

‘ஃப்ரீலான்ச’ரைத் தொடங்கிய கிறிஸ் ராபர்ட்ஸ், வேலை முடியும் முன்பே வெளியேறினார். அவர்தான் 2012இல் ‘ஸ்டார் சிட்டிசன்’ என்ற பெயரில் ரசிகர்களிடமே பணம் திரட்டத் தொடங்கியவர். இதுவரை திரண்டது 80 கோடி டாலருக்கும் மேல். சந்திரயான்-3க்கு ஆன செலவு ஏறக்குறைய 615 கோடி ரூபாய் என்றால், இது அதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம். சந்திரயான் நிலவில் இறங்கிவிட்டது. ‘ஸ்டார் சிட்டிசன்’ இன்னும் சோதனைப் பதிப்பில்தான் இருக்கிறது. 2018இல் எல்லாக் கப்பலும் அடங்கிய ஒரு தொகுப்பை 27,000 டாலருக்கு விற்றார்கள். அன்றைய மதிப்பில் 18 லட்சம் ரூபாய்! அந்தக் கப்பல்கள் ராபர்ட்ஸின் நிறுவனம் நடத்தும் சர்வர் உள்ளவரைக்கும் பறக்கும். தொழில்நுட்பத்தில் அவர்கள் சாதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே வானத்தைப் பல சர்வர்கள் பங்கிட்டுத் தாங்கும் ஏற்பாட்டை 2024 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் நீண்ட ஆயுள் என்று பார்த்தால், அதே மனிதர் தொடங்கிய பழைய குறுந்தகடுதான் முந்தி நிற்கிறது.

‘எலைட் டேஞ்சர’ஸிலும் ஒரு வாக்கு காற்றில் போனது. பணம் திரட்டிய நேரத்தில் இணையம் இல்லாமல் தனியாக விளையாடும் வசதி உண்டு என்றார்கள். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 2014 நவம்பரில், அதைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். பணம் போட்டவர்கள் கொந்தளித்தார்கள். 2022 மார்ச்சில், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆட்டக்காரர்களுக்கு இனிப் புதிதாக எதுவும் வராது என்று சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் வீட்டில்தான் இருக்கிறது, அதன் முடிவு மட்டும் இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில் எழுதப்படுகிறது.

இந்தத் தலைவலியெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு, விருதுநகர் மாவட்டத்துக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்ததை இங்குள்ள எந்தப் பதினெட்டு வயதுப் பையனும் மறந்திருக்க மாட்டான். பப்ஜி 2021இல் வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறைந்தது, 2023 மே மாதம் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டும் தடையில் போனது. தடைக்கான காரணம் சரியா தவறா என்பது வேறு விவாதம். ‘ஐடி போச்சு’ என்ற இரண்டு சொல்லில் மூன்று ஆண்டு உழைப்பையும் டாப்-அப் செய்த காசையும் எழுதிவிட்டு நடந்த பிள்ளைகள் இந்த மண்ணில் ஏராளம். நிறுவனம் மூடினாலும் அரசு மூடினாலும் குத்தகைக்காரருக்கு ஒரே முடிவுதான்.

விண்வெளி விளையாட்டுகள் இங்கே அவ்வளவாகப் பரவவில்லை என்பது உண்மை. அவற்றுக்கு நல்ல கணினி வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது கைப்பேசி. ‘ஈவ்’ மாதச் சந்தா 2022 மே மாதத்தில் அமெரிக்க விலையில் 20 டாலரைத் தொட்டது. இலவசமாக ஓரளவு விளையாட 2016 முதல் வழி இருந்தாலும் அடுத்த படிக்கு ஏறப் பணம் வேண்டும். கைப்பேசிக்கென்று ‘ஈவ் எக்கோஸ்’ 2020இல் வந்தது. தமிழ் எதிலும் கிடையாது.

இருந்தும் இந்த வட்டாரத்துக்கு இந்த விளையாட்டுகளில் கொஞ்சம் உரிமை கூடுதல் என்று சொல்லலாம். ராஜபாளையத்தில் ரயில் ஏறினால் அதே தடத்தில் செங்கோட்டை. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தை இயக்குநராக நின்று வழிநடத்திய நிகர் ஷாஜி அந்த ஊர்க்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. அங்கிருந்து கிழக்கே குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

குலசேகரப்பட்டினம் ஏன் என்று ஒரு பிளஸ் டூ மாணவரிடம் கேட்டால், பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்று பாதி விடை வரும். மீதி விடை இலங்கையில் இருக்கிறது. துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் இலங்கை மீது விழும் அபாயம் உண்டு. அதனால் முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு தெற்கே திருப்புகிறார்கள். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகும். பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். 500 கிலோ அளவில் மட்டுமே சுமக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரும் இழப்பு. குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல், வளைய வேண்டியதில்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு வகை. விளையாடித் தெரிந்துகொள்வது வேறு வகை. மெக்சிகோவில் உருவாகி 2011இல் முதல் பதிப்பு வெளிவந்த ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாட்டில் சொந்தமாக ராக்கெட் கட்டி ஏவ வேண்டும். முதல் நாள் எல்லாமே வெடிக்கும். பக்கத்தில் சிவகாசி இருக்கும்போது அதற்கு விளையாட்டு எதற்கு என்று தோன்றும். இரண்டாம் வாரம் சுற்றுப்பாதை பிடிபடும். அதற்குப் பிறகுதான் பாடமே. நிஜத்தில் பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றும் கலம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் போகும் வேகத்தில், பாதையின் சாய்வை ஒரே ஒரு டிகிரி திருப்ப நொடிக்குச் சுமார் 130 மீட்டர் வேக மாற்றம் தேவை. தொட்டியில் எரிபொருள் கிடுகிடுவென்று இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, இலங்கையைச் சுற்றிப் போவது ஏன் நட்டம் என்பதை இன்னொரு முறை சொல்ல வேண்டாம். நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் இந்த விளையாட்டோடு கைகோத்துத் தங்கள் திட்டங்களை அதில் சேர்த்தது சும்மா இல்லை.

ஒரு குறையும் உண்டு. அசல் ‘கெர்ப’லில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் ஆதித்யா சுற்றிவரும் எல்-1 போன்ற புள்ளியே அந்த உலகில் இல்லை. நிகர் ஷாஜி குழுவினர் 2024 ஜனவரி 6 அன்று செய்த காரியத்தை அங்கே செய்து பார்க்க முடியாது. ‘ஆர்பிட்டர்’ என்ற மென்பொருளில் வழி இருக்கிறது. சூரியன், பூமி, நிலவு எல்லாவற்றின் ஈர்ப்பையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. மார்ட்டின் ஷ்வைகர் என்ற ஆராய்ச்சியாளர் 2000இல் இலவசமாக வெளியிட்டது. 2021இல் அதன் மூல நிரலையும் திறந்துவிட்டார். பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் வேண்டாம், எந்த அலுவலகமும் அதை மூட முடியாது. அழகு என்று பார்த்தால் சுமார்தான்.

‘கெர்ப’லுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் அமெரிக்காவின் டேக்-டூ நிறுவனம் உரிமையை வாங்கியது. பலரும் சேர்ந்து ஆடும் வசதி வரும் என்ற வாக்கோடு இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் அரைகுறையாக விற்பனைக்கு வந்தது. 2024இல் அதைச் செய்துகொண்டிருந்த அலுவலகத்தையே மூடினார்கள். இணைந்து ஆடும் வசதி வரவே இல்லை. முதல் பாகம் யார் தயவும் இல்லாமல் அவரவர் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சேர்ந்து ஆடும் வசதியைக்கூட ரசிகர்களே எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

சேர்ந்து ஆடுவதில் என்ன பெருமை, தனியாக ‘ஆர்பிட்டர்’ போதாதா என்றால், போதாது. ‘ஈவ்’ விளையாட்டுக்குள் 2016இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மனிதச் செல்லில் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் நுண்ணோக்கிப் படங்களை ஆட்டக்காரர்கள் பார்த்து வகைப்படுத்த வேண்டும். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய 3.3 கோடி முறை வகைப்படுத்தினார்கள். முடிவு 2018இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ ஆய்விதழில் வெளியானது. 2017இல் அதே கூட்டம் வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதில் இறங்கியது. பல்லாயிரம் பேர் ஒரு வானத்தின் கீழ் கூடியிருப்பதால்தான் இப்படிப்பட்ட வேலைகள் நடக்கின்றன. ஆகவே இணைய விளையாட்டே வேண்டாம் என்பது பதில் ஆகாது. அதை அந்தரத்தில் விடாத ஏற்பாடு வேண்டும்.

உலகம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று மூடியது. வாங்கியவர்கள் யாருமே ஆட முடியாத நிலை. அதிலிருந்து கிளம்பிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டுமே தந்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைத்து ஏமாற்ற முடியாது. தருவது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இணைய விளையாட்டு பற்றிய பேச்சு இதுவரை ரம்மியைச் சுற்றியே நடந்தது. நியாயம்தான், உயிர்கள் போயிருக்கின்றன. 2022 சட்டம் அதற்காக வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டு, மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணயம் இல்லாத சமூக விளையாட்டுகளையும் ஊக்குவிப்பதாகச் சொல்கிறது. விளையாட்டுகளை வகைப்படுத்திப் பதிவு செய்ய ஓர் ஆணையத்துக்கும் வழி செய்கிறது. அந்தப் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர வேண்டும்: கடையை மூடும்போது என்ன செய்வீர்கள்? ஓராண்டு முன்னறிவிப்பு, தனியாக ஆடும் பதிப்பு அல்லது சர்வர் மென்பொருள், கடைசிச் சில மாதங்களில் விற்றதற்குப் பணம் வாபஸ். இவற்றுக்குப் பதில் சொல்லாத நிறுவனம் இங்கே ஒரு ரூபாய்கூட டாப்-அப் வாங்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு பிரிவே இருக்கிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனை அதில் அடங்கும். மாநில ஆணையத்தில் புகார் செய்யலாம். விளையாட்டு நிறுவனங்களின் நீளமான ‘ஒப்புக்கொள்கிறேன்’ பக்கங்களை அந்தச் சட்டத்தின் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டிய நேரம் இது.

நிறுவனங்களின் பதில் தெரிந்ததுதான். சர்வர் மென்பொருளில் பிறரிடம் உரிமம் வாங்கிய பகுதிகள் இருக்கின்றன, வெளியிட முடியாது என்பார்கள். ‘ஈவ்’ அளவிலான இயந்திரக் கூட்டத்தை வீட்டில் யார் ஓட்டுவது என்பார்கள். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் ‘ஈவ்’ விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது அந்தப் பிரபஞ்சத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியவில்லை; பார்வையாளருக்குக் காட்ட ஒரு வீடியோதான் கிடைத்தது. முதல் வாதம் செல்லாது. நாளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் இன்றைக்கே அதற்கு ஏற்றபடி எழுதுவார்கள். ‘ஃப்ரீலான்சர்’ அதை 2003லேயே செய்து காட்டிவிட்டது.

‘ஈவ்’ இன்னும் பத்தாண்டு ஓடும் என்று நம்ப இடம் இருக்கிறது. அதன் நிறுவனத்தைத் தென்கொரியாவின் பேர்ல் அபிஸ் 2018இல் வாங்கியபோதும் ஆட்டக்காரர்கள் கலையவில்லை. முப்பதாண்டு ஓடுமா என்று கேட்டால், பந்தயம் ‘ஆர்பிட்டர்’ மீதும் அந்தப் பழைய ‘ஃப்ரீலான்சர்’ மீதும்தான் கட்ட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி என்று தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. அந்த மடிக்கணினிகளில் ‘ஆர்பிட்ட’ரையும், வானத்தைக் காட்டும் ‘ஸ்டெல்லாரியம்’ மென்பொருளையும் ஏற்றித் தர அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டுமே இலவசம், திறந்த மூலம். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் கணினித் துறை மாணவர்கள் ஒரு பருவத் திட்டப்பணியாக எடுத்தால், ‘ஆர்பிட்ட’ருக்குத் தமிழ் முகப்பும், குலசேகரப்பட்டினத்து ஏவுதளமும், ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆட ஒரு சர்வரும் செய்துவிடலாம். அதை மம்சாபுரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய கணினியில் ஏற்றி வைக்க யார் அனுமதியும் வேண்டாம். கல்லூரி முதல்வர்கள் வரும் பருவத்திலேயே தொடங்கட்டும்.